விட்டுப்போன குடைகள்

செவ்வாய்க்கிழமை காலை
பாசார் மீன்கடைக்குச் செய்தி வந்தது.
ஆ கியாவ் தராசிலிருந்து கெம்போங் மீனை இறக்கிவிட்டு
"சிவப்பு பஸ் சன்னாசியா?" என்றார்.
அவரேதான்.
தொண்ணூற்றொரு வயது.
தூக்கத்தில், வலது பக்கம் ஒருக்களித்து,
பின்னால் வரும் லோரியைக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி.

நிபோங் திபாலுக்கும் புக்கிட் மெர்தாஜாமுக்கும் நடுவே
முப்பத்திரண்டு வருஷம்.
பேரன் கைப்பேசியில் கணக்குப் போட்டு
நிலாவுக்கு ஐந்து தடவை போகிற தூரம் என்றான்.
நிலாவுக்கு அவர் போகவில்லை.
ஜாவிக்குப் போனார்.
சுங்கை பாக்காப்புக்குப் போனார்.
சிம்பாங் அம்பாட்டில் ஒன்றுக்கு இருந்துவிட்டுத்
திரும்பவும் வந்தார்.

கை காட்டிய இடமெல்லாம் அவருக்கு ஸ்டாப்பு.
ஒருநாள் பட்டம்மா
மங்கை வீட்டிலேயே வைத்துவிட்டேன் என்று அலற
நாற்பது பேரோடு பஸ்ஸைப் பின்னாலேயே நகர்த்தினார்,
அரை மைல்.
கம்பெனி இரண்டு நாள் சம்பளத்தை வெட்டியது.
அந்த மங்கில் என்ன இருந்தது என்று
போன தீபாவளிக்குக்கூடச் சொன்னார்:
"வெண்டிக்கா போட்ட கருவாட்டுக் குழம்பு.
எனக்கு ஒரு வாய் குடுக்கல."

நல்ல மனுஷன் என்று மட்டும் சொன்னால் பாதிப் பொய்.
டாம் ஆட்டத்தில் முழங்கையால் காய் நகர்த்துவார்.
கோயில் கூட்டத்தில் இரண்டு கோஷ்டிக்கும் கை தூக்குவார்.
சில்லறை குறைத்தவனை மறக்கவே மாட்டார்.
என் மாமாவை அறுபது வயதிலும்
நடுச்சடக்கில் நிறுத்தி
"என்னா பத்துக் காசு, சௌக்கியமா?" என்றார்.

பெட்டி எடுக்கும் நேரம் மழை.
கிரியான் ஆற்றுப் பக்கமிருந்து
சாய்ந்து வருகிற மழை.
கூடாரத்துக்குள் எல்லோரும் நெருக்கிக்கொண்டு நிற்க
மருமகள் தவமலர் உள்ளே போய்
கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்து வந்து
வாசலில் கொட்டினாள்.

குடைகள்.

பஸ்ஸில் விட்டுப்போனவை.
கைப்பிடி ஒவ்வொன்றிலும் ஒரு பழைய டிக்கெட்,
ரப்பர் வளையம்,
பின்புறம் பென்சில் எழுத்து.
"வால்டோர் சந்தி. பச்சைச் சேலை."
"சீன டீச்சர். இருமல்."
"பையன். வாந்தி எடுத்தவன்."

வாந்தி எடுத்தவன் இன்று
கார் ஓட்டக் கற்றுத் தரும் பள்ளிக்கு முதலாளி.
டிக்கெட்டைப் படித்தான்.
குடையை விரிக்க மறந்து
நனைந்தபடி நின்றான்.
ஆ கியாவ் கைக்குப் பூப்போட்ட பொம்பளைக் குடை.
ஹாஜி மன்சூர் கைக்கு ஏதோ உரக் கம்பெனிக் குடை.

என் கைக்கு வந்ததில்
"அருளம்மா டீச்சர் இல்லை. அவங்க அக்கா" என்றிருந்தது.
அருளம்மா டீச்சர் என் சித்தி.

அம்மாவின் இந்தக் குடையை
நான் தொலைத்ததாகத்தான்
ஆறாம் வகுப்பில் எனக்கு அடி விழுந்தது.
இல்லை இல்லை என்று நான் கத்தியதற்கு
இன்னும் இரண்டு.
நாற்பத்து நான்கு வருஷம் கழித்துச் சாட்சி வந்திருக்கிறது.
நீதிபதிதான் போய்விட்டார்,
பன்னிரண்டு வருஷம் முன்பே.

அந்த வாரம் ஊரே
அவர் பஸ் நம்பரை எடுத்தது.
நாலு ஒன்று ஏழு மூன்று.
ஞாயிற்றுக்கிழமை விழுந்தது, ஆறுதல் பரிசு.
வெள்ளிக்கு அறுபது.
காப்பிக்கடையில் கொஞ்ச நேரம் ஒரே சிரிப்பு,
அப்புறம் யாரும் எதுவும் பேசவில்லை.
பத்துக் காசு மாமா மட்டும் எடுக்கவில்லை.
கடன் இருக்கும்போது அவரிடம்
எப்படி வாங்குவது என்றார்.

குடை என் குளியலறைக் கதவில் தொங்குகிறது.
ஒரு கம்பி ஒடிந்தது.
சுடுகாடு வரை என் இடது தோள் நனைந்துகொண்டே வந்தது.
டிக்கெட்டை இன்னும் கழற்றவில்லை.

பதினாறாம் நாள் சாப்பாட்டில்
தவமலரிடம் கேட்டேன்,
குடையைக் கொண்டுவந்து கொடுக்கணுமா என்று.
ரசம் ஊற்றிக்கொண்டே அவள்
"யாருகிட்ட?" என்றாள்.